அந்த ஹாலுக்கு ஒரே ஒரு கதவு

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. ‘உடம்புக்கு என்ன?’ என்று விசாரித்த எல்லோருக்கும் நன்றி. காய்ச்சல் என்றுதான் ஆபீஸில் சொல்லியிருந்தேன். பொய். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. பயம்... அவ்வளவுதான்.

பயந்துகொண்டே பத்தி எழுத முடியுமா? நாலு வரி எழுதுவேன், அழிப்பேன். போன் அடித்தால் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பேன். வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன்.

காரணம் — ஒரு கலைக் கண்காட்சி. சிரிக்காதீர்கள். படம் பார்க்கப் போய்ப் பயந்துபோய் வந்தவள் இந்த விருதுநகர் ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முதலில் என் மதினியை, அதாவது அண்ணன் மனைவியை, பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாத்தூர் பக்கம் அண்ணனுக்குச் சின்னதாக ஒரு பட்டாசு ஆலை இருக்கிறது. லைசென்ஸ், ஆர்டர், ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவது எல்லாம் அண்ணன். ஆலைக்குள் மதினி வைத்ததுதான் சட்டம். காலையில் தானே காரை ஓட்டிக்கொண்டு போவார். கேட்டில் தன் போனைத் தானே வாட்ச்மேனிடம் கொடுப்பார். உள்ளே நுழையுமுன் செம்புத் தகட்டில் கை வைப்பார். உடம்பில் இருக்கும் மின்சாரம் மண்ணுக்கு இறங்க வேண்டுமாம். முதலாளியம்மாவே வைத்த பிறகு வேறு யார் வைக்காமல் போவார்கள்?

பட்டாசு ஆலையை உள்ளே போய்ப் பார்க்காதவர்களுக்கு ஒரு தகவல். அங்கே ஒரே பெரிய கட்டடம் இருக்காது. கருவேலங்காட்டுக்குள் தள்ளித் தள்ளி, தனித்தனி ரூம்கள். ரூம் சின்னதுதான். ஆனால் கதவுகள் எதிரெதிரே, பல பக்கமும் இருக்கும். எல்லாம் வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும். வேலை நேரத்தில் தாழ்ப்பாள் போடக் கூடாது. கதவுக்கு முன்னால் ஒரு வாளியைக்கூட வைக்கக் கூடாது. எதற்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மதினிக்கு மற்ற எதில் வேண்டுமானாலும் சமாதானம் பேசலாம், கதவு விஷயத்தில் மட்டும் முடியாது. அவருடைய கூடப்பிறந்த தம்பி அங்கே சூப்பர்வைசராக இருந்தார். சீசன் அவசரத்தில், ‘பத்து நிமிஷம்தானே’ என்று ஒரு கதவை மறித்து லோடு அடுக்கிவிட்டார். அன்று மத்தியானமே கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார் மதினி. அந்தத் தம்பி இன்று வரை தீபாவளிக்கு இந்த வீட்டுப் படி ஏறுவதில்லை. மதினியும் கூப்பிடவில்லை!

இப்படிப்பட்டவரோடுதான் அன்றைக்கு விருதுநகரில் பட்டுப்புடவை எடுத்துக்கொண்டு காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். புடவை, மதினியின் மகள் தாரணிக்கு. வெள்ளிக்கிழமை கோவில்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பூ வைத்து உறுதி செய்வதாக ஏற்பாடு.

தாரணி சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் டிசைனர். மத்தாப்புப் பெட்டி, புஸ்வாணப் பெட்டியின் மேல் ஒட்டும் லேபிள் எல்லாம் வரைவாள். ‘மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கா?’ என்று கேட்டால், ‘உங்க இஷ்டம்’ என்பாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். நம் வீடுகளில் அதை வேறு எப்படி எடுத்துக்கொள்வார்களாம்?

ஆமத்தூர் தாண்டும்போது எனக்கு ஞாபகம் வந்தது. ஓடாமல் கிடந்த ஒரு பழைய பிரஸ் ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, சென்னை, மதுரைக் கலைஞர்கள் சிலர் கண்காட்சி வைத்திருந்தார்கள். பத்தி எழுதுகிறவள் என்பதால் எனக்கும் அழைப்பு வந்திருந்தது. ‘பெண்ணிய, பால்புதுமையர் கலை’ என்று போட்டிருந்தார்கள். ஆணை நேசிக்கும் ஆண், பெண்ணை நேசிக்கும் பெண், ஆண் பெண் என்ற இரண்டு டப்பாவுக்குள்ளும் அடங்காதவர்கள் — இவர்களைத்தான் இப்போது பால்புதுமையர் என்கிறார்கள். இதையெல்லாம் மதினியிடம் விளக்கவா முடியும்?

“மதினி, பத்து நிமிசம்... இங்கன ஒரு படக் கண்காட்சி. பாத்துட்டுப் போயிருவமா?” என்றேன்.

“புதுப்படமா? நல்லதாப் போச்சு. இந்தச் சீசனுக்கு லேபிளுக்கு ஒண்ணு தேடிக்கிட்டே இருக்கேன்” என்று வண்டியைத் திருப்பிவிட்டார்.

சிவகாசிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. ஆடி மாதம் நெருங்கினால் இங்கே அடுத்த வருஷக் காலண்டருக்கான ஆல்பம் தயாராகும். படங்களைப் பரப்பி வைப்பார்கள். வியாபாரிகள் வந்து பார்த்து, நம்பரைச் சொல்லி ஆர்டர் கொடுப்பார்கள். படத்தை மாட்டி வைத்திருந்தால் ஆர்டர் எடுப்பதற்குத்தான் — வேறு எதற்கு மாட்டுவார்கள்?

வாசலில் ஒரு மேஜை இருந்தது. அங்கே நிற்பது தம்பியா, தங்கச்சியா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தயக்கம். அவரே, “என் பேர் யாழ். பேர் சொல்லியே கூப்பிடுங்க” என்றார். அப்பாடா என்றிருந்தது. பிறகு ஒரு மரப்பெட்டியை நீட்டி, “போனை இதுல வெச்சிட்டுப் போங்க. உள்ள படம் எடுக்கக் கூடாது. படத்துல இருக்கிறவங்களுக்கும் நல்லதில்ல, பார்க்க வர்றவங்களுக்கும் நல்லதில்ல” என்றார்.

எனக்கு அங்கேயே லேசாகச் சந்தேகம் வந்தது. எங்கள் பக்கத்தில் வாசலில் போனை வாங்கி வைத்தால், உள்ளே வெடிக்கிற சாமான் இருக்கிறது என்று அர்த்தம். மதினிக்கோ ஏக திருப்தி. “வெவரமான ஆளுகளாத்தான் இருக்கீக” என்று போனைக் கொடுத்துவிட்டு, சுவரில் செம்புத் தகட்டைத் தேடினார். பழக்க தோஷம்!

உள்ளே போனோம். அறுந்த தாலிக்கயிறுகளைப் பின்னி ஒருவர் மீன்வலை செய்து தொங்கவிட்டிருந்தார். ஒரு திருநங்கை தன் பள்ளிக்கூடச் சட்டையையும் முதல் சேலையையும் ஒன்றாகத் தைத்து விரித்திருந்தார். அதன் முன்னால் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். மதினி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். “இது கலரு தூக்கலா இருக்கு, சாட்டை வெடிப் பெட்டிக்கு ஆகும்.” “இது வேண்டாம், பாத்தா யாவாரி பயந்துருவான்.” பெரிய சிவப்பு ஓவியம் ஒன்றைக் காட்டி, “இது என்ன நம்பரு யாழு?” என்று கூப்பிட்டுக் கேட்டார். யாழ் முகத்தில் ஒரு கணம் குழப்பம். பிறகு மரியாதையாகச் சிரித்து, அந்தப் படத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

அந்த இடைவெளியில் நான் ஒரு தடுப்புக்குப் பின்னால் போனேன். போயிருக்கவே கூடாது.

சுவரில் ஆளுயரப் புகைப்படம். கம்பி மத்தாப்புப் பெட்டி லேபிள் மாதிரியே மயில் பார்டர், மேலே சிவப்பு எழுத்து. நடுவில் சாமி படம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பெண்கள். ஒரே மத்தாப்பை இரண்டு பேரும் சேர்ந்து பிடித்திருக்கிறார்கள். நெற்றியோடு நெற்றி ஒட்டியிருக்கிறது. மத்தாப்பு வெளிச்சம் இரண்டு முகத்திலும் விழுகிறது.

ஒருத்தி தாரணி.

இன்னொருத்தி செல்வி. தாரணியோடு பிரஸ்ஸில் வேலை பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவாள். மதினி கையால் எத்தனையோ தடவை சாப்பிட்டவள்.

மதினி வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தேன், வாசகர்களே. பக்கத்து ஜில்லாவிலும், நம் ஜில்லாவிலும் இப்படிப்பட்ட விஷயங்கள் எந்த இடத்தில் போய் முடியும் என்பது நமக்கெல்லாம் தெரியும். போனைப் பிடுங்குவார்கள். ரூமில் போட்டுப் பூட்டுவார்கள். இருக்கிற முகூர்த்தத்தில் கல்யாணத்தை முடிப்பார்கள். அதற்கு மேலேயும் போவார்கள். மேலே என்றால் என்னவென்று எழுதக் கை வரவில்லை. என் அண்ணன் நல்லவர்தான். ஆனால் அண்ணனைச் சுற்றி இருக்கும் பங்காளிகள்? சொந்தத் தம்பியையே மத்தியானத்துக்குள் வெளியே தள்ளிய மதினி?

புகைப்படத்துக்குக் கீழே ஏதோ புனைபெயர் இருந்தது. அதே பெயர் எதிரே இருந்த சின்ன அறையின் வாசலிலும் இருந்தது. நான் வேக வேகமாகத் திரும்பினேன். எப்படியாவது மதினியை வெளியே கூட்டிப் போய்விட வேண்டும். தலைவலி என்று சொல்லலாம். மயக்கம் என்று சொல்லலாம்...

அதற்குள் மதினி அந்தச் சின்ன அறைக்குள் நுழைந்துவிட்டார். ஸ்பிரிங் வைத்த கதவு, அவருக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

பிளைவுட்டில் செய்த அறை. ஜன்னல் கிடையாது, விளக்கும் கிடையாது. வெளியே நின்ற எனக்கு உள்ளே ஒலிபெருக்கி பேசுவது கேட்டது. காப்பி டம்ளர் சத்தம். பெண்களின் குரல்கள். “பொண்ணு சமைக்குமா?” “கொஞ்சம் நிமிந்து பாக்கச் சொல்லுங்க.” “எதுக்கு இம்புட்டு மொகம் வாடிக் கெடக்கு?” “நாங்க தங்கமா வச்சிக்கிடுவோம்...” மறுபடியும் டம்ளர் சத்தம்.

அப்புறம் கதவு தட்டும் சத்தம். அது ஒலிபெருக்கி இல்லை. மதினி.

இழுத்துத் திறந்தேன். வேர்வையில் நனைந்து வெளியே வந்தார். பக்கத்து ஆலையில் சத்தம் கேட்ட நாளில்கூட அவரை நான் இப்படிப் பார்த்ததில்லை.

“எவன்லே இதக் கட்டுனது?” என்று யாழைப் பார்த்துக் கத்தினார். “உள்பக்கம் கைப்பிடி இல்ல. எதுத்தாப்புல கதவு இல்ல. மனுசரு வந்து போற எடமா இது? உள்ள இருக்கிறவுக என்னத்துக்கு ஆவாக?”

யாழ் பதறிவிட்டார். “மன்னிச்சிருங்கம்மா, நாங்க வெளியே நின்னு திறந்து விடணும்... அதான் அந்தப் படைப்பும்மா. உள்ள உட்கார்ந்திருக்கிற பொண்ணுக்கு வெளிய வர வழியில்லைங்கிறதுதான்.”

“எந்தப் பொண்ணுக்கு?”

யாழ் அறைக்குள் பார்த்தார். மதினி திரும்பினார். இந்தத் தடவை கதவைக் காலால் முட்டுக் கொடுத்து நிறுத்திக்கொண்டு உள்ளே பார்த்தார். நானும் அவர் தோள் வழியாகப் பார்த்தேன். ஒரு சோபா. ஒரு டீப்பாய். சோபாவின் சாய்மானத்தில் வெள்ளை நூலில் கொக்கி ஊசியால் பின்னிய பழைய உறை. அதில் மயில். ஒரு மயிலுக்கு மட்டும் கொண்டை இல்லை, நூல் தீர்ந்துபோய்விட்டது. அந்த நூல் தீர்ந்த கதையை மதினி எங்களிடம் எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். அவர் பின்னியது. அவர் வீட்டு ஹாலையே தாரணி இங்கே அப்படியே கட்டி வைத்திருக்கிறாள்!

குனிந்து கொண்டை இல்லாத அந்த மயிலைத் தொட்டார். நிமிர்ந்து, “இதக் கட்டுன ஆளு வேற என்ன வச்சிருக்கு?” என்று கேட்டு, யாழ் கை காட்டிய தடுப்புக்குப் பின்னால் நேராக நடந்தார். நான் போகவில்லை. போகத் தைரியம் இல்லை. ஷெட்டின் தகரக் கூரை வெயிலில் டக் டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அதையே கேட்டுக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. பெட்டியிலிருந்து போனை எடுத்தார். எடுத்த கையோடு ஒரே ஒரு போன்.

“தாரணி, எங்கன இருக்க?... வீட்டுலயா? வீட்டுலயே இரு. எங்கயும் போயிராத. நான் வாரேன்.”

அவ்வளவுதான்.

காரில் ஏறினோம். பட்டுப்புடவைப் பை பின் சீட்டில் சரிந்து கிடந்தது. மதினி பாதையை மட்டும் பார்த்து ஓட்டினார். நான் மெல்ல என் போனை எடுத்து, ‘வீட்டில் இருக்காதே. செல்வி வீட்டுக்குப் போய்விடு’ என்று டைப் செய்தேன்.

“கமலா, போன உள்ள வை.”

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அவர். நான் உள்ளே வைத்துவிட்டேன். அனுப்பாமலேயே! ஐம்பத்தெட்டு வயதில், ஊருக்கெல்லாம் தைரியம் சொல்லிப் பத்தி எழுதுகிறவள்... அனுப்பும் பட்டனைத் தொட விரல் வரவில்லை.

வீடு வந்தது. அண்ணன் ஆர்டர் விஷயமாக வெளியூர் போயிருந்தார். ஹாலில் தாரணி நின்றுகொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மதினி வாசல் கதவுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். நடுவில் போய் விழலாமா என்று ஓர் அடி எடுத்து வைத்தேன்.

“இத ஒரு பக்கம் பிடி” என்றார் மதினி.

ஹாலின் வலது பக்கச் சுவரை மறைத்து ஒரு ஸ்டீல் பீரோ நிற்கும். தீபாவளிக்குத் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கும் பட்டாசுக்கான காலி கிஃப்ட் பாக்ஸ்கள் அதன் தலையில் அடுக்கியிருக்கும். எனக்குத் தெரிந்து அது அங்கேதான் நிற்கிறது. தாரணி அசையவில்லை. “பிடிங்கேன்ல” என்று அதட்டினார். அவள் ஒரு பக்கம் பிடித்தாள். நான் ஓடிப்போய் இன்னொரு பக்கம் பிடித்தேன். கிஃப்ட் பாக்ஸ்கள் சரிந்து எங்கள் தலையில் விழுந்தன. பீரோ தரையைக் கிறீச்சிட்டுக்கொண்டு நகர்ந்தது.

பின்னால் ஒரு கதவு இருந்தது. பக்கத்துச் சந்துக்குப் போகும் கதவு. தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. மதினி தேங்காய் எண்ணெய் ஊற்றி, சுத்தியலால் தட்டித் தட்டி இழுத்தார். சந்து வெளிச்சம் ஹாலுக்குள் விழுந்தது. கதவை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தவர், “உள்பக்கமாத் தெறக்குது. ஆசாரிய வரச் சொல்லி மாத்தணும்” என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

“அம்மா...” என்றாள் தாரணி.

“பேசாத. இப்பப் பேசுனா நான் என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியாது.” அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், கையில் சுத்தியலோடு. “எனக்கு ஒண்ணும் புரியல. புடிக்கவும் இல்ல. உங்கப்பாவ நெனச்சா பயமா இருக்கு. ஊர நெனச்சா அதவிடப் பயமா இருக்கு. ஆனா கூலிக்கு வாரவுகளுக்கு எல்லாப் பக்கமும் கதவு வச்சுக் குடுத்துட்டு, பெத்த பிள்ளய ஒத்தக் கதவு போட்டா உக்கார வச்சிருந்தேன்?” அதற்குப் பிறகுதான் அழுதார். தாரணியும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

தாரணியிடம் பிற்பாடு கேட்டேன். “ஏம்மா, வீட்டுக்கு இம்புட்டுப் பக்கத்துல போய் மூஞ்சியக் காட்டி மாட்டியிருக்கியே, பயமா இல்ல?”

“நம்ம வீட்டுல யாரு அத்தை படம் பாக்கப் போறாக?” என்றாள். எனக்கு அந்தப் பதில்தான் எல்லாவற்றையும் விடச் சுட்டது.

கோவில்பட்டிக்கு மதினியே போன் செய்தார். ‘சீசன் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, இப்போதைக்குப் பூ வைக்க வேண்டாம்’ என்று சொல்லிவிட்டார். தள்ளித்தான் வைத்திருக்கிறார். நிறுத்தவில்லை. பட்டுப்புடவை இன்னும் கார் சீட்டிலேயே கிடக்கிறது. அண்ணன் ஊரிலிருந்து வந்து, பீரோ இடம் மாறியதைப் பார்த்து, “என்னத்துக்கு?” என்றார். “காத்து வரட்டும்னு” என்றார் மதினி. அண்ணன் தலையாட்டிவிட்டு டிவி போட்டார். அவரிடம் யார் சொல்வது, எப்போது சொல்வது... யாருக்கும் தெரியாது. எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். எழுதினால் அது போன வாரக் காய்ச்சலை விடப் பெரிய பொய்.

இதைப் பத்தியில் எழுதலாமா என்று இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆகவே எனக்கு எத்தனை அண்ணன், எந்த ஊர் என்று எண்ண ஆரம்பிக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் எல்லோரும் மதினிதான். தாரணி, ‘பேர மாத்திருங்க அத்தை’ என்றாள், மாற்றிவிட்டேன்.

மதினி சொன்னார்: “பேர மாத்திக்கோ, ஊர மாத்திக்கோ... ஆனா எங்க வீட்டு ஹாலுக்குக் கதவு ரெண்டுன்னு மட்டும் சரியா எழுது.”